தாத்தாவின் வின்செஸ்டரும் உப்புத்தாளும்



லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு டெக்ஸ் வில்லரின் கையிலிருக்கும் அந்த ரைஃபிளைத் தெரிந்திருக்கும். விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் வெற்று உறை தெறித்து விழும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் என்று பெயர். நமக்கு அது படக்கதையில் வருகிற சாமான். அமெரிக்காவில் பென்சில்வேனியா, விஸ்கான்சின், மெயின் பக்கம் மான் வேட்டைக்குப் போகிற குடும்பங்களில் அது தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்து. பேரன் கைக்கு வரும்போது கட்டை கறுத்திருக்கும், இரும்பு வெளுத்திருக்கும். இதைப் புதுசுபோல் ஆக்கலாமா, இப்படியே விட்டுவிடலாமா என்று அவன் யோசிப்பான். இன்றைக்கு அந்த யோசனையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அப்படிக் கைக்கு வருவது பெரும்பாலும் வின்செஸ்டர் 94. யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊர்க்காரரான ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்தது. கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் 1894இல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டு அதற்கென்று புகையில்லா மருந்து அடைத்த தோட்டா வந்தது. வேட்டைக்காரர்கள் அதை ‘தர்ட்டி-தர்ட்டி’ என்பார்கள். 1927இல் 10 லட்சமாவது துப்பாக்கியை அதிபர் கால்வின் கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள். மொத்தத்தில் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எனவே இது கிடைத்தற்கரிய பொருள் ஒன்றும் இல்லை. “என் தாத்தாவுடையது, எனக்குப் பிடித்தமாதிரி செய்துகொள்கிறேன்” என்று பேரன் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் எங்கே கைவைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வைப்பது நல்லது.

முதலில் இரும்பு. மேலே தெரியும் அந்தக் கருநீலம் பெயின்ட் இல்லை. அது ஒருவகைத் துரு. பழைய முறையில் எஃகின்மேல் வேண்டுமென்றே செந்துருவை வரவழைத்து, கொதிநீரில் போட்டுக் கறுப்பாக்கி, மெல்லிய கம்பிப் பிரஷ்ஷால் துடைத்து, மறுபடி துருவேற்றுவார்கள். இப்படி நாட்கணக்கில் நடக்கும். மறுபடி நிறமேற்றுவதுகூடப் பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் துருக்குழிகளைப் போக்கவென்று மெருகுச் சக்கரத்தில் பிடிக்கிறார்களே, வினை அங்கேதான். கூரான விளிம்புகள் மழுங்கும். திருகுத் துளைகளின் ஓரம் கிண்ணம்போலக் குழியும். குழலில் அடித்த எழுத்துகள் மங்கும். வரிசை எண்ணும் சேர்ந்து போய்விட்டால், அந்த நாட்டில் அது சட்டத் தொல்லையும் ஆகும்.

இதில் இன்னொரு சிக்கல். 1964இல் செலவைக் குறைக்க வின்செஸ்டர் கம்பெனி தயாரிப்பு முறையையே மாற்றியது. அதற்கு முன் வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘ப்ரீ-64’ என்று பிரித்துச் சொல்லி, கூடுதல் விலை கொடுக்கிறார்கள். பின்னால் வந்தவற்றில் பல ஆண்டுகளுக்கு நடு உடல் வேறு உலோகக் கலவை. மேலே தனிப் பூச்சு ஏற்றித்தான் கறுப்பாக்க முடிந்தது. விவரம் தெரியாமல் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டு நிறமேற்றும் வழக்கமான ரசாயனத் தொட்டியில் முக்கினால் கருநீலம் பிடிக்காது. கத்தரிப்பூ நிறத்தில் பல்லிளிக்கும். அழகுபடுத்தப் போய் அசிங்கப்பட்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கட்டை. வால்நட் மரம். தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட மயிரிழை உயரமாக விட்டே பொருத்துவார்கள். இரண்டும் சேருமிடத்தை விரலால் தடவினால் தட்டுப்படும். உப்புத்தாள் போட்ட கட்டையில் இது தலைகீழாகிவிடும். மரம் இறங்கி, இரும்பு விளிம்பு எழும்பி நிற்கும். விலை பேச வருகிற விவரக்காரர் முதலில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பதே அங்கேதான். அழுக்கைத் துடைத்து, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து, மிச்சத்தை வழித்தெடுத்தால் போதும். மரம் நசுங்கிய இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் பெரும்பாலும் தானே எழும்பிவிடும். நடு உடலின் அடிப்புறம் வெள்ளியாக வெளுத்திருக்கிறதே, அதை மட்டும் நான் தொடமாட்டேன். 94ஐ ஒற்றைக்கையில் தூக்கினால் எடை சரியாக நிற்கிற இடம் அது. தாத்தா காடுமேடெல்லாம் தூக்கித் திரிந்ததில் தேய்ந்தது.

வல்லுநர்கள் எவ்வளவு கைவைக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம்: 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்தபடி ஒரு ரைஃபிள் கிடைத்தது. வின்செஸ்டர் 1873 மாடல், 1882இல் செய்தது. கட்டை வெயிலில் வெளுத்து வெடித்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. வயோமிங்கின் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வல்லுநர்கள் அந்தக் கட்டை மேற்கொண்டு உதிராமல் பிடித்து நிறுத்தினார்கள். அவ்வளவுதான். துருவை நீக்கிப் பளபளப்பாக்கவில்லை. கட்டைக்குள் இருந்த சிற்றறையில் ஒரு தோட்டா அகப்பட்டது. யார் அந்த ரைஃபிளை ஜூனிப்பரில் சாய்த்துவிட்டுப் போனார்கள் என்பது இன்னும் தெரியாது.

இதைக் கேட்டுவிட்டு, மாற்றமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பெருஞ்சமவெளியின் பூர்வகுடிகள் தங்கள் ரைஃபிள் கட்டைகளில் பித்தளைத் தலை ஆணிகளை வரிசையாக அறைந்து அலங்கரித்தார்கள். உடைந்த இடத்தைப் பச்சைத் தோலால் சுற்றி, அது காய்ந்து இறுகவிட்டார்கள். இன்று அப்படிப்பட்ட அசலுக்கு மதிப்பு அதிகம். அதனாலேயே புதிதாக ஆணியடித்துப் பழசென்று விற்கிற போலிகளும் உண்டு.

திருகைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்கிற மாற்றத்துக்கு நான் தாராளமாகச் சரி சொல்வேன். 1939இல் ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் பெரிய வளையத்தோடு ரைஃபிளைச் சுழற்றியதிலிருந்து அந்த வளையத்தின்மேல் பலருக்கும் ஓர் ஆசை. 1948இல் மார்லின் என்ற இன்னொரு கம்பெனி கொண்டுவந்த 336இல் ஒரே ஒரு திருகை எடுத்தால் லீவர் வந்துவிடும். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, கழற்றிய பழைய லீவருக்கு எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தினால் நஷ்டமில்லை. துப்பாக்கிமேல் மாட்டும் தோலுறை விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: பார்க்க அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் அடியில் துரு ஏறிவிடும்.

அதற்கும் ஆசை அடங்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய துப்பாக்கி விற்கிற கடைகளில், எந்தக் காலத்திலோ யாரோ உப்புத்தாள் போட்டு, வார்னிஷ் அடித்து, எழுத்தெல்லாம் தேய்த்து வைத்தவை மலிவாகவே நிற்கும். சேகரிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். சுடுவதில் பெரும்பாலும் குறை இருக்காது. அதில் ஒன்றை வாங்கி ஆணி அடிக்கலாம், வளையம் மாற்றலாம், சாயம் ஏற்றலாம். கேட்பாரில்லை.