தண்ணீர்ப் பாம்பும் தவறான தீர்ப்பும்

வங்காளத்தில் வலிமை குன்றிய மனிதரை ‘டோரா பாம்பு’ என்று கேலியாகக் குறிப்பிடுவர். கேரளத்திலோ, ‘நீர்க்கோலி கடித்தாலும் இரவு உணவு தடைப்படும்’ என்பது பழமொழி. அற்பமான எதிரியாலும் தொல்லை நேரலாம் என்பது இதன் கருத்து. இரண்டு வழக்குகளும் சுட்டுவது ஒரே பாம்பைத்தான். தமிழில் அது தண்ணீர்ப் பாம்பு. அதன் கடியால் உயிர் போகாது என்பதை இந்நாட்டு மக்கள் நெடுங்காலமாகவே அறிந்துள்ளனர் என்பதற்கு இவ்வழக்குகளே சான்றாகும்.

1799ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் இதற்குச் சூட்டிய ‘பிஸ்கேட்டர்’ என்னும் இலத்தீன் பெயருக்கு மீனவர் என்பது பொருள். பெயருக்கேற்ப மீனும் தவளையுமே இதன் முதன்மை உணவாகும். குட்டிகள் தலைப்பிரட்டைகளை உண்டு வளர்கின்றன. குளம், கிணறு, வாய்க்கால், நெல்வயல், நகரச் சாக்கடை ஆகிய இடங்களில் இது வாழ்கின்றது. மஞ்சள் அல்லது பசுமை கலந்த பழுப்பு உடலில் சதுரங்கக் கட்டங்களைப் போன்ற கரும்புள்ளிகளும், கண்ணிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் இரு கருங்கோடுகளும் இதன் அடையாளங்கள். முதுகுச் செதில்களின் நடுவே மேடு இருப்பதால் உடல் சொரசொரப்பாக இருக்கும். பெண் பாம்பு பெரும்பாலும் 30 முதல் 70 வரை முட்டைகளை வளைகளில் இட்டு, அவற்றுடனேயே தங்கிக் காக்கின்றது.

இத்தகைய பாம்பு பெருமளவில் அடித்துக் கொல்லப்படுவது ஏன்? அச்சுறுத்தப்படும்போது இது கழுத்தைத் தட்டையாக்கி, உடலின் முன்பகுதியை உயர்த்திச் சீறுகின்றது. தயங்காமல் கடிக்கவும் செய்கின்றது. காண்போர் நல்ல பாம்பு எனக் கருதிக் கோலை எடுக்கின்றனர். தற்காப்புக்காக இயற்கை அளித்த பாவனையே இதற்குத் தீங்காகி விடுகின்றது.

எனினும் இப்பாம்பைப் பற்றிய அறியாமையால் பெரிதும் இழப்பவன் மனிதனே ஆவான். பாம்புக்கடிகளுள் பெரும்பகுதி நஞ்சற்ற பாம்புகளால் நேர்வன. நஞ்சுள்ள பாம்பு கடித்தும் நஞ்சு உட்செல்லாத நிகழ்வுகளும் உண்டு. இத்தகைய கடிக்கு ஆளானவர் மந்திரித்தாலும், வேரை அரைத்துக் குடித்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார். ஆனால் புகழ் மந்திரித்தவரையே சேர்கின்றது. பின்னர் ஒருநாள், தரையில் உறங்கும்போது கட்டுவிரியனால் கடியுண்டவரையும் உறவினர் அதே வாசலுக்குக் கொண்டு செல்கின்றனர். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவு; இமைகள் சரிந்து, மூச்சுத் தசைகள் செயலிழக்கும்போதுதான் ஆபத்து புலனாகின்றது. அதற்குள் விலைமதிப்பற்ற நேரம் கழிந்து விடுகின்றது. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், மாண்டனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகின்றது. இவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. நீரில் காணப்படும் பாம்பெல்லாம் தண்ணீர்ப் பாம்பு அன்று. நல்ல பாம்பும் நன்றாக நீந்தும். ஆகவே பாம்பை அடையாளம் காணும் அறிவு அதனைக் கொல்லாமல் விடுவதற்குப் பயன்பட வேண்டுமேயன்றி, கடியுண்டவரை வீட்டில் வைத்துக்கொள்வதற்குப் பயன்படலாகாது. எந்தப் பாம்பு கடித்தாலும் மருத்துவமனையே செல்லுமிடம். அங்கு நோயாளி ஒரு நாள் கண்காணிக்கப்படுகின்றார். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடங்களில் உறைகின்றதா என்பது பார்க்கப்படுகின்றது. நஞ்சின் அறிகுறி தென்பட்டால் மட்டுமே நஞ்சு முறிவு மருந்து செலுத்தப்படுகின்றது. ஏனெனில் அம்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைவிக்கக்கூடும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்பாம்புக்குப் பாதுகாப்பளிக்கின்றது. 1984இல் இந்தியாவின் வேண்டுகோளின்படி, வன உயிரின வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பிலும் இது சேர்க்கப்பட்டது. பாம்புக்கடி இறப்புகளை 2030ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைக்கும் நோக்கத்துடன் 2024 மார்ச்சில் மைய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது.

சட்டமும் திட்டமும் கிராமத்தைச் சென்றடைவது அலுவலர்கள் வழியாகவும் மாணவர்கள் வழியாகவுமே ஆகும். அறுந்த நைலான் வலைகளைக் குளக்கரையில் விட்டுச் செல்லாதிருக்க மீனவர்க்கு எடுத்துரைத்தல், நஞ்சு முறிவு மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனையின் பெயரை ஊராட்சி அலுவலகத்தில் எழுதி வைத்தல், இருளில் கைவிளக்குடன் நடக்கவும் கொசுவலைக்குள் உறங்கவும் பழக்குதல் ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. கடித்தது தண்ணீர்ப் பாம்பாகவே இருந்தாலும், மருத்துவமனைக்குச் சென்றவர் இழப்பது, கேரளப் பழமொழி கூறுவது போல், ஒருவேளை உணவே ஆகும்.