மூச்சு விடப் பழகுதல்
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றிப் பேசத் தகுதியுடையவன் அல்லன் நான். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. எனினும், என் அன்னையாரின் நோய் எனக்குக் கற்பித்ததை இக்காலனியார் முன் வைக்கத் துணிந்தேன்.

எரிவாயு வருமுன் நம் கரக்பூர்க் குடியிருப்புகளில் நிலக்கரி அடுப்பே எரிந்தது. அப்புகையில் பல்லாண்டுகள் நின்று சமைத்தவர் என் அன்னையார். பீடியைக் கண்ணாலும் விரும்பாதவருக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் எவ்வாறு வந்தது என வியந்தேன். புகையிலையைப் போன்றே அடுப்புப் புகையும் மூச்சுக்குழாய்களைச் சுருக்குமாம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அன்னையாருக்கு இளைப்புக் கண்டால், "அம்மா, மூச்சை நன்றாக இழுங்கள், இன்னும் இழுங்கள்" என்று நான் அருகில் நின்று கூவுவேன். அது என் பெரும்பிழை. மருத்துவமனையில் ஒரு வங்காளச் செவிலியர், நாங்கள் தீதி என்றழைப்பவர், என்னை விலக்கி நிறுத்தினார். "உள்ளே இடம் ஏது? பழைய காற்று வெளியேறாமல் தேங்கி நிற்கிறதே!" என்றார். மேடையில் நிற்கும் வண்டி புறப்படாதபோது அடுத்த வண்டிக்குக் கைகாட்டி இறங்குமோ? அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

தீதி அன்னையாரை நாற்காலியில் அமர்த்தி, முன்சாய்ந்து முழங்கைகளைத் தொடைமீது ஊன்றச் செய்தார். தோள்கள் தளர்ந்தனவா எனத் தொட்டுப் பார்த்தார். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதடுகளைக் குவித்து, அகல் சுடர் அணையாமல் அசையுமளவுக்கு, நான்கு எண்ணும்வரை மெல்ல ஊதவேண்டும். உதடு குவிந்திருப்பதால் குழாய்கள் விரைவில் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேறுகிறது. மூச்சு முட்டும் வேளையில் தாய்மொழியன்றி வேறெதுவும் அன்னையார் செவியில் ஏறவில்லை. அதனால் தீதி, "ஒன்று, இரண்டு, ஊதுங்கள்" என்னும் சொற்களை என்னிடம் கேட்டுப் பயின்று, தாமும் உடன் ஊதினார்!

இதனை இளைப்பு இல்லாத வேளையிலேயே பழகவேண்டும். அப்பொழுதுதான் இளைப்பில் கைகொடுக்கும். உண்டவுடன் வேண்டா. தலை சுற்றினால் நிறுத்துக. பிராணாயாமம் அறிந்த நண்பர்கள் பொறுத்தருள்க: இவர்கள் மூச்சை அடக்கலாகாது. இன்ஹேலர் மருந்தையும் கைவிடலாகாது. உதடு நீலம் பாரித்தாலோ, நோயாளி பிதற்றினாலோ, ஓயாது உறங்கி வழிந்தாலோ, பயிற்சியை விட்டு உடனே மருத்துவமனைக்கு விரைக.

அழிந்த நுரையீரல் இதனால் மீளாது. ஆயினும், கொல்லைப்புறம் செல்ல நான்கிடத்தில் நின்ற அன்னையார், இப்பொழுது ஓரிடத்தில் நின்று ஊதிவிட்டுச் செல்கிறார். இன்று இம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஒவ்வொரு படியிலும் அவர் ஊதிக்கொண்டே காலெடுத்து வைக்க, நான் உடன் நின்று நான்கு வரை எண்ணினேன். விழாவுக்கு நாங்கள் சற்றுப் பிந்தியதன் காரணம் அதுவே.