போர் வீரர் நினைவும் நம் தர்ப்பணமும்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பௌதிகம் படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். சாஸ்திர ஞானம் சொற்பம். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் சித்தூரில் எங்கள் குடியிருப்பில் ஜூலை 26 கார்கில் வெற்றி தினம் கொண்டாட ஏற்பாடு செய்தோம். வேத கோஷத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஒருவர், "மதமே வேண்டாம்" என்றார். இன்னொருவர், "அப்படியானால் எல்லா மதப் பிரார்த்தனையும் வேண்டும்" என்றார். பேச்சு தடித்தது. கடைசியில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் எழுந்தார். "சார், செத்தவனுக்கு அவன் மதப்படி செய்ய வேண்டியதை அவன் வீட்டுல செய்வாங்க. நாம இங்க கூடறது, அவன் நம்ம எல்லாருக்கும் வேண்டியவன்கிறதுக்காக" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று பெயர்களை வாசித்து, இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம். ஆனாலும் வேதம் ஒலிக்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது.

பிறகு படித்துப் பார்த்ததில், ஹவில்தார் சொன்னதற்குப் பழைய முன்னுதாரணமே இருந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட நம் சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கினார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர்க் குழாய். அங்கே இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். முஸ்லிம் வீரர்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். தகனம் நடந்த இடத்தில் 1921-ல் சத்ரி எழுப்பினார்கள். அதே தேசம் 1920-ல் லண்டனில் எல்லோருக்கும் பொதுவாக எழுப்பிய செனோடாஃப் நினைவுச் சின்னத்திலோ எந்த மதத்தின் அடையாளமும் கிடையாது. அவரவர் கிரியை அவரவருக்கு. பொது இடத்தில் பொது மரியாதை.

இதை நம் திருப்பதியிலும் கண்டோம். 1971 போரின் பொன்விழாவுக்காக, 2020 டிசம்பர் 16 அன்று டில்லி தேசியப் போர் நினைவகத்தின் அணையா ஜோதியிலிருந்து தீபங்கள் ஏற்றி நான்கு திசைகளுக்கும் அனுப்பினார்கள். அதில் ஒன்று 2021 பிப்ரவரியில், மகாவீர சக்கரம் பெற்ற மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபால் அவர்களைக் கௌரவிக்க இந்த ஊருக்கு வந்தது. பரம்வீர, மகாவீர சக்கரம் பெற்றவர்களின் ஊர்களிலிருந்து மண் எடுத்துச் செல்வதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. தீபத்தையும் மண்ணையும் அந்நியம் என்று எந்த மதத்துக்காரர் சொல்லுவார்?

அப்படியானால் நமக்கென்று தனியாகக் கடமை இல்லையா? இருக்கிறது. மஹாளய பக்ஷத்தில் சதுர்த்தசியை ஆயுதத்தால் மாண்டவர்களுக்கென்றே நம் முன்னோர்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தர்ப்பணத்தின் முடிவில், தாய், தகப்பன், பந்து என்று யாருமற்றவர்களும் திருப்தி அடையட்டும் என்று நீர் விடுகிறோம். அதில் ஜாதியோ மதமோ கேட்பதில்லை. ஐம்பது வருஷமாக, எப்போது முடியும் என்ற அவசரத்தில் அந்த மந்திரத்தைச் சொல்லி எழுந்திருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் சற்று நிதானிக்கிறேன். உடல்கூட வீடு வந்து சேராத வீரர்களை நினைத்துக்கொண்டு நீர் விடுகிறேன். சித்தூரில் பட்ட குறை இப்போது இல்லை.

அடுத்த அமாவாசையன்று நீங்களும் அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரார்த்தித்து அமர்கிறேன்.