மனைக்கோடுகளில் நிற்கும் ஊர்

 

வடக்குப் போலந்தில் எல்ப்லோங்க் என்றோர் ஊர். 1237-இல் தோன்றிய வணிக நகரம். 1945-இல் போர் அதன் பழைய நகரைத் தரைமட்டமாக்கியது. அடுத்து வந்த கம்யூனிச ஆட்சி அதைத் திரும்பக் கட்டவில்லை. இடிபாட்டுச் செங்கல்லை வார்சாவுக்கும் கதான்ஸ்குக்கும் ஏற்றி அனுப்பியது. ஊரின் நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் புல் மண்டிக் கிடந்தது.

1980-களில் அங்கே அகழாய்வு நடந்தது. தோண்டத் தோண்டப் பழைய வீடுகளின் நிலவறைச் சுவர்கள் வெளிப்பட்டன. தெருப்பக்கம் குறுகி, பின்னால் நீண்டு போகும் இடைக்கால மனைகள். மரபுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த மரியா லுபோட்ஸ்கா-ஹாஃப்மன் ஒரு வழி கண்டார். புது வீடு பழைய மனைக்கோட்டுக்குள்ளேயே எழ வேண்டும். உயரமும் கூரைச் சரிவும் பழைய தெருவுக்கு இசைய வேண்டும். முகப்பை மட்டும் இன்றைய கட்டடக்கலைஞர் தன் மனம்போல் வரையலாம். ஆவணம் இருந்த சில வீடுகள் பழைய தோற்றத்திலேயே எழுந்தன.

அந்தத் தெருக்களில் நான் நடந்திருக்கிறேன். சில முகப்புகளில் அலங்காரம் தூக்கல், எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நாலு வீடு தாண்டுவதற்குள் அதை மறந்துவிட்டேன். தெருவின் அகலமும் வாசல்களின் இடைவெளியும் அவ்வளவு பொருத்தம். ஓர் ஊரின் அடையாளத்தை முதலில் மனைப்பிரிவில் தேட வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அச்சு அசலாக நகல் எடுப்பதைவிட, பழைய மனைக்கோட்டில் புது முகப்பை எழுப்புவதே நேர்மையான மீட்பு.

மனைப்பிரிவைக் காண முதலில் தெருவை அளக்க வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது கோடை விடுமுறையில் எங்கள் பேராசிரியர் டேப்பைக் கையில் கொடுத்து, கும்பகோணத்துத் தெரு ஒன்றை வீடு வீடாக அளக்கச் சொன்னார். வெயிலில் முணுமுணுத்துக்கொண்டே அளந்தோம். போருக்கு முன் வார்சா பாலிடெக்னிக் மாணவர்களும் தங்கள் நகரை இப்படித்தான் அளந்து வரைந்தார்கள். இடிந்த பழைய வார்சாவை எழுப்ப அந்த வரைபடங்கள் உதவின. 1980-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மாணவர் கை வரைந்த கோடுகளுக்கு அத்தனை வலு.

கட்டடக்கலையில் பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை பெரிய நிறுவனங்களுக்குப் போவீர்கள். போங்கள், நன்றாகச் சம்பாதியுங்கள். அதற்கு முன் சொந்த ஊரில் ஒரே ஒரு தெருவை அளந்து, வரைந்து, ஒரு பிரதியை உங்கள் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.