உரும்பிராய் வீட்டில் ஓர் அல்சேசன் குட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி நோக்கிச் செல்லும் வீதியிலே கோண்டாவிலைக் கடந்ததும் வருவது உரும்பிராய். செம்பாட்டு மண்ணும், ஆழ்ந்த கிணறுகளும், வாழையும், வெங்காயமும், மரக்கறித் தோட்டங்களும் நிறைந்த ஊர். காணிதோறும் வேலி உண்டு. கிளுவையும் பூவரசும் கதியாலாக நிற்க, பனையோலையால் அடைக்கப்பட்ட வேலி பழைய முறை. சீமெந்து மதில் புதிய முறை. வேலிக்குள்ளே ஒரு நாயும் உண்டு. அது பெரும்பாலும் ஊர் நாய். பகலிற் படலையடியிலே படுத்துறங்கி, இரவிற் குரைத்து, வேலிப் பொட்டினூடாக அயல் வளவுக்குப் போய்வந்து, தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்வது. அதற்கு ஒரு வேளைச் சோறு வைத்தாற் போதும் என்பது இங்குள்ளாரின் நெடுங்கால அனுபவம். அந்த அனுபவத்தை மட்டும் துணையாகக் கொண்டு ஓர் அல்சேசன் குட்டியை வளர்க்கப் புகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அல்சேசன் என்பது இந்த இனத்தின் சொந்தப் பெயரன்று. ஜேர்மனியில் இதற்கு மேய்ப்பு நாய் என்றே பெயர். முதலாம் உலகப் போரின் பின்னர், ஜேர்மன் என்ற சொல்லையே கேட்கப் பொறாத ஆங்கிலேயர், பிரான்சின் எல்லைப்புறப் பகுதியாகிய அல்சேசின் பெயரை இதற்குச் சூட்டினர். இலங்கைக்கும் அந்தப் பெயரே கப்பலேறி வந்தது. பிரித்தானியாவின் நாய் வளர்ப்போர் கழகம் 1977 இல் ஜேர்மன் பெயருக்குத் திரும்பிவிட்டது. ஆயினும் யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் அது இன்னும் அல்சேசன்தான்.

பெயர் எதுவாயினும், தொழிலை அறிந்துகொள்ளுதல் அவசியம். மாக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்னும் குதிரைப்படைக் கப்டன் 1899 ஏப்ரலிற் கார்ல்ஸ்றூ நகரத்து நாய்க் காட்சியிலே கண்டு வாங்கிய ஓர் ஆண் நாயே இவ்வினப் பதிவேட்டின் முதலாவது நாய். ஹொராண்ட் என்று அதற்குப் பெயரிட்ட அவர், அதே மாதத்தில் இவ்வினத்துக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தார். அவர் விரும்பியது ஆட்டிடையனின் வேலைக்கார நாயை. ஜேர்மனியின் கிராமங்களில் மேய்ச்சல் நிலத்துக்கும் பயிர் நிலத்துக்கும் இடையே பல இடங்களில் வேலி கிடையாது. ஆடுகள் மேயும்போது அந்த எல்லைக்கோட்டின் வழியே மேலும் கீழுமாக நாள் முழுவதும் ஓடி, ஆடு பயிரில் வாய் வையாது காப்பதே நாயின் கடமை. அங்கே நாய்தான் வேலி. கண்டபடி கடித்துக் குதறும் நாயால் இடையனுக்கு நட்டமேயன்றி இலாபமில்லை. எதைத் தடுப்பது, எதை விடுவது என்று பகுத்தறிகின்ற நாயே அவனுக்கு வேண்டியிருந்தது. போர்வீரரும் பொலிசாரும் இவ்வினத்தை நாடியதும், போரிற் கண்ணிழந்தோருக்கு வழிகாட்ட 1916 இல் ஓல்டன்பேர்க்கில் நாய்களைப் பழக்கத் தொடங்கியபோது இது முன்னின்றதும் அந்தப் பகுத்தறிவினாலேயே.

இத்தகைய பிராணியின் குட்டி, எட்டு வார வயதில், ஒரு கடதாசிப் பெட்டிக்குள் உரும்பிராய் வீடொன்றுக்கு வந்து சேர்கிறது. பிள்ளைகள் சூழ்ந்துகொள்கின்றனர். “நாயை விறாந்தையிலை ஏத்தாதேயுங்கோ பிள்ளையள்” என்கிறார் ஆச்சி. அவர் சொல்லுக்கும் நியாயம் உண்டு. தூய்மையும் பூசையும் உள்ள வீட்டில் நாய்க்கு ஓரிடம் வகுத்தே தீரவேண்டும். ஆனால் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் அன்றுதான் பிரிந்த குட்டியை வளவின் கோடியிற் கட்டிவிட்டு வந்தால் அது விடியும்வரை ஊளையிடும், அயலாரும் உறங்கார். முதற் சில இரவுகளுக்கு விறாந்தையின் ஒரு மூலையிற் சாக்கு விரித்து, அருகே வீட்டார் ஒருவர் பாய் போட்டுப் படுத்தாற் போதும். ஆச்சியின் ஆணையும் பாதி நிறைவேறும், குட்டியின் அச்சமும் தணியும். உறங்கி எழுந்தவுடனும் உணவு கொண்டவுடனும் வளவில் ஒரே இடத்துக்குத் தூக்கிச் சென்றுவந்தால், மலசலம் கழிக்கும் ஒழுங்கை அது தானே கற்கும். அடிப்பதாற் பயனில்லை, எதற்கு அடி விழுந்ததென்று அதற்குத் தெரியாது.

இனி உணவு. மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு முறை, ஆறு மாதம் வரை மூன்று முறை, பின்னர் இரு முறை என்பது பொதுவான கணக்கு. குழையச் சமைத்த சோற்றோடு முள் நீக்கிய மீன், இறைச்சி, முட்டை ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். சோறு மட்டும் போதாது. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மீந்த கறியைச் சோற்றிற் பிசைந்து நாய்க்கு வைப்பது இங்கே வழக்கம். அந்தக் கறியில் வெங்காயம் இல்லாதிருக்குமா? உரும்பிராய்த் தோட்டங்களின் செல்வமே அதுதான். மனிதருக்கு நலம் செய்யும் வெங்காயம், நாயின் குருதியிலுள்ள செங்கலங்களைச் சிதைப்பது. ஒரு நாளிற் பெருந்தீங்கு தெரியாவிடினும், நாள்தோறும் சேர்ந்தால் நாய் சோகை பிடித்து வாடும். உள்ளிக்கும் இதே குணம் உண்டு. வலிகாமத்தில் முந்திரிகைப் பந்தல் உள்ள வளவுகளில் உதிர்ந்த பழத்தையும் குட்டி தின்னாது பார்த்துக்கொள்ளல் வேண்டும். முந்திரிகைப் பழத்தால் நாய்களின் சிறுநீரகம் கெடுவது ஏன் என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. அதிலுள்ள தார்த்தாரிக்கமிலமே காரணமாகலாம் என்று 2021 இல் அமெரிக்க மிருக வைத்தியர் சிலர் எடுத்துக் காட்டினர். அதே அமிலம் புளியிலும் உண்டு. ஆகவே புளி விட்ட மீன் குழம்பு குட்டிக்கு உரியதன்று. மீனை உப்பின்றித் தனியே அவித்து எடுத்துவைப்பது பெரிய வேலையா?

எலும்பு உறுதி பெறட்டும் என்று சுண்ணச் சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுப்போரும் உளர். முன்னாளிற் புத்தகங்களே அவ்வாறு கூறின. இப்போது அறியப்பட்ட உண்மை வேறு. பெரிய இன நாயின் குட்டி, மிகையாக உட்செல்லும் சுண்ணத்தைத் தடுக்கும் ஆற்றல் இன்னும் பெறாதது. மிகுந்த சுண்ணத்தால் அதன் எலும்பு கோணும். முப்பது நாற்பது கிலோ வரை வளரப்போகும் ஆண் குட்டியை விரைந்து கொழுக்க வைப்பதும் தவறு. இடுப்பு மூட்டுப் பொருந்தாமை இவ்வினத்தின் பரம்பரைக் குறை. நோர்வேயிற் பெரிய இனங்கள் சிலவற்றை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டோர், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் படிக்கட்டேறித் திரிந்தால் இக்குறை மிகுவதையும், மென்மையான வெளிநிலத்திற் கட்டின்றி ஓடினாற் குறைவதையும் கண்டனர். மினுக்கிய சீமெந்து நிலத்தில் வழுக்கி வளரும் கொழும்பு மாடிவீட்டுக் குட்டியைவிட, செம்பாட்டு மண்ணில் ஓடும் உரும்பிராய்க் குட்டி பாக்கியம் செய்தது எனலாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மட்டும் நண்பகல் ஓட்டம் ஆகாது. இரட்டை மயிர்ப் போர்வை உடைய பிராணி. அதற்குப் பூவரசு நிழலும் தண்ணீரும் வேண்டும்.

இனித்தான் இடர் மிகுந்த பகுதி வருகிறது. நாய்களைக் கொல்லும் பார்வோ வைரசு 1978 அளவில் உலகெங்கும் பரவியது. வாந்தியும் குருதி கலந்த வயிற்றோட்டமும் அதன் குறிகள். மண்ணிலே பல மாதம் அழியாது கிடக்கும். தடுப்பூசித் தொடர் ஆறு எட்டு வாரங்களில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை நீள்கிறது. அதுவரை குட்டியைத் தெருவில் விடலாகாது என்கிறார் வைத்தியர். ஆனால் அமெரிக்காவின் பார் ஹாபர் ஆய்வுகூடத்திற் பல ஆண்டுகள் குட்டிகளை ஆராய்ந்த ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965 இல் வெளியிட்ட நூல் வேறொன்றைச் சொல்கிறது. மூன்றாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையிலேதான் குட்டி உலகோடு உறவு கொள்கிறது. அதே ஆய்வுகூடத்திற் பதினான்கு வாரம் மனிதத் தொடர்பின்றி வளர்க்கப்பட்ட குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டாற் காட்டு விலங்குபோல் வெருண்டன. ஒரு கதவு திறப்பதற்கு முன்னரே மற்றக் கதவு மூடிவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை. குட்டியைத் தரையில் விடாது கையில் ஏந்திப் படலைக்குச் செல்லலாம். பலாலி வீதியிற் போகும் பேருந்தையும், உழவு இயந்திரத்தையும், வெள்ளைச் சீருடையிற் பள்ளி செல்லும் பிள்ளைகளையும், கற்பகப் பிள்ளையார் கோயில் மணியோசையையும் அது கையிலிருந்தே அறிந்துகொள்ளட்டும். மீன்காரர், தபாற்காரர், அயல்வீட்டு அக்கா, ஊன்றுகோலோடு வரும் அப்பு ஆகியோர் ஆளுக்கொரு வாய் உணவை அதற்கு ஊட்டட்டும். காவலுக்கு வாங்கிய நாயை ஊராரெல்லாரும் தடவினாற் காவல் கெட்டுவிடுமே என்று வீட்டுக்காரர் அஞ்சுவார். கெடாது. வருவோர் இன்னாரென்று அறிந்த நாயே வரத்தகாதவரைப் பிரித்தறியும். எவரையும் அறியாத நாய்க்கு எல்லாரும் கள்வரே.

கட்டிவைத்தாற்றான் நாய் முரடாகும் என்ற எண்ணம் குடாநாட்டில் வேரூன்றியது. முரடாவது உண்மை. டென்வர் நகரத்து நாய்க்கடிகளை ஆராய்ந்து 1994 இல் வெளியான கட்டுரை, வளவிற் சங்கிலியிற் கட்டப்பட்ட நாய்கள் கடித்த நாய்களிடையே மிகுந்திருந்ததைக் காட்டியது. இந்த ஜேர்மன் இனமும் அங்கே மிகுந்திருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. அந்த முரட்டுத்தனம் கள்வனைத் தேர்ந்து பாய்வதில்லை. சங்கிலி அறுகின்ற நாளில் எதிர்ப்படுபவர், பந்து எடுக்க வேலிப் பொட்டினூடாக வந்த அயல்வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். பொட்டுக்களை அடைத்து, படலைக்குத் தாழிட்டு, வளவுக்குள் உலவ விடுவதும், காலை மாலை வாரிட்டு நடத்திச் செல்வதும் உழைப்புத்தான். அந்த உழைப்புக்கு நேரமில்லாத வீட்டுக்கு ஊர் நாயே உத்தமம்.

நான்காம் மாதத்திற் பால் பற்கள் விழத்தொடங்கும். அப்போது செருப்பு, பாய், பிள்ளைகளின் விரல் அனைத்தும் குட்டியின் வாய்க்குள்தான். முன்பு நிமிர்ந்த காதுகள் இக்காலத்தில் மீண்டும் தொங்குவதும் உண்டு. பல் முளைத்து முடிந்ததும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

விளையாட்டிற் பட்ட பற்கீறலைக் “குட்டிதானே” என்று தள்ளிவிடுதல் கூடாது. விசர் நோய் குட்டிக்கும் வரும், குட்டியிடமிருந்தும் வரும். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டதனாலும், கடியுண்டோருக்கு உடனே மருந்தேற்றியதனாலும் அத்தொகை அண்மைய ஆண்டுகளில் முப்பதளவுக்கு இறங்கியுள்ளது. நோய் வெளிப்பட்டபின் காப்பாற்ற மருந்தில்லை. ஆகவே கடி சிறிதாயினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டும். நாய்க்குரிய விசர்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகின்றனர். ஆண்டுக்கொருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். ஊசி போட்டதும் தரப்படும் அட்டையிலே அடுத்த தவணை எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் எந்த அலுமாரித் தட்டில் இருக்கின்றனவோ, அதே தட்டில் அதையும் வைத்துக்கொள்வது நலம்.