ஷிப்ட் நேரத்துக்குச் சமைக்கும் ஊர்கள்



சனிக்கிழமை விடிந்ததும் பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் பறக்கிற கார்களில் பாதி, சாப்பிடத்தான் போகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். காஞ்சிபுரம் கோயில் இட்லி, ஆற்காடு மக்கன் பேடா, ஆம்பூர் பிரியாணி என்று அந்தச் சாலையில் ஊருக்கு ஒரு பேர் இருக்கிறது. பேர் பெற்ற பிரியாணிக்காக 180 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கார்கள் எட்டிப் பார்க்காமல் விட்டுவிடுகிற ஊர்களும் இருக்கின்றன: அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், பூந்தமல்லி. இந்த ஊர்களின் பேரைச் சொன்னால் எந்தப் பலகாரமும் நினைவுக்கு வராது. ஆவடி அல்வா என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் இங்கே நன்றாகச் சமைக்கிறார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களுக்காகச் சமைப்பதில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சமைக்கிறார்கள். அதனால்தான் பேர் வரவில்லை, ருசி வந்திருக்கிறது.

வழியைச் சொல்லிவிடுகிறேன். பாடியில் தொடங்கி, சி.டி.எச். ரோட்டில் அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர். அங்கிருந்து பூண்டி ஏரி. இரவு திருவள்ளூரில் தங்கல். மறுநாள் திருமழிசை வழியாகப் பூந்தமல்லி. எல்லாம் சேர்த்தால் நூறு கிலோமீட்டர் வராது. நடுவில் பட்டாபிராம் பக்கத்தில் வெளிவட்டச் சாலை குறுக்கிடும். அதில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பூந்தமல்லியில் இறங்கிவிடலாம். தயவுசெய்து ஏறாதீர்கள்.

இன்னொன்று. கடைகளின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. வானொலியில் அது முறையில்லை. சொல்ல நினைத்தாலும், இவற்றில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. ‘சைக்கிள் கம்பெனி எதிர்ல’, ‘ஸ்டேஷன் கேட்டாண்ட’ என்பதுதான் விலாசம்.

சைக்கிள் கம்பெனி என்றேன் அல்லவா? அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-ல் தொடங்கியது. பிறகு டன்லப் டயர் ஆலை, பாடிப் பக்கம் லூகாஸ் டிவிஎஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற இடம் அது. லேத்துப் பட்டறை, பவுண்டரி, ரப்பர், பேக்கிங் என்று தெருவுக்குத் தெரு சிறு தொழிற்கூடங்கள். டன்லப்பில் டயர் செய்வது நின்று வெகு காலம் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர் மட்டும் இன்னும் ‘டன்லப் எறங்கு’ என்கிறார்.

தொழிற்பேட்டையில் சாப்பாட்டு நேரத்தை ஷிப்ட்தான் முடிவு செய்கிறது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஐந்தரைக்கே தட்டை நீட்டுவார். இரவு ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவருக்கு அதே நேரத்தில் பசி. அதனால் விடியும் முன்பே தள்ளுவண்டியில் இட்லிக் குண்டான் கொதிக்கும். ஊர்ப்பக்கம் பத்து மணிக்குக் காலை டிபன் முடிந்துவிடும். இங்கே பத்து மணிக்கு மத்தியானச் சாப்பாடு தொடங்கிவிடுகிறது. எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், சாம்பார் சாதம், தயிர் சாதம் எல்லாம் எவர்சில்வர் அண்டாவில் வரிசையாக இருக்கும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கையேந்தி பவன் என்று நகரத்தில் கிண்டலாகச் சொல்கிறோம். அரை மணி நேர இடைவேளையில் கை கழுவி, சாப்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு மிஷினுக்குத் திரும்ப வேண்டிய ஆளுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறு எது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது கல்தோசையும் வடகறியும். வடகறிக்குப் பேர் போனது சைதாப்பேட்டை, அதை நான் மறுக்கவில்லை. கடலைப்பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, வேகவைத்தோ பொரித்தோ எடுத்து, உதிர்த்துப் பட்டை, சோம்பு, தேங்காய் சேர்ந்த குழம்பில் போடுகிறார்கள். மசாலாவை உறிஞ்ச வேண்டும், ஆனால் கரைந்துபோகக் கூடாது. அந்தப் பதம் தெரிந்த கடையில் சட்னியைத் தொடவே மாட்டீர்கள். தெரியாத கடையில் அது பருப்புக் கூழ்தான். அங்கே இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பட்டரவாக்கம் ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தால் வாசனை மாறும். கடுகெண்ணெய் காய்கிற வாசனை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்காக லிட்டி, ஆலு பராத்தா, உருளைக்கிழங்கு வைத்த சமோசா போடுகிற சின்னச் சின்னக் கடைகள் முளைத்திருக்கின்றன. வறுத்த கடலை மாவை உள்ளே வைத்து உருட்டித் தணலில் சுட்ட உருண்டைதான் லிட்டி. சுட்ட கத்தரிக்காய் மசியலைத் தொட்டுக்கொண்டு ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள், மத்தியானம் வரை பசிக்காது. இந்தக் கடைகளைப் பார்த்து முகம் சுளிக்கிற உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். மும்பையில் நம் ஆட்கள் இட்லிக் கூடையைத் தலையில் சுமந்து விற்றதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திருமுல்லைவாயலில் மாசிலாமணீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு ஆவடிக்குள் நுழைவோம்.

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியது இந்த ஆவடியில்தான். சோஷலிச பாணிச் சமுதாயம்தான் நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டார்கள். 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. கூடவே ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப் படைத் தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம். அதனால் இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் மாற்றலாகி வந்தார்கள். சிலர் மூன்று வருடத்தில் போனார்கள், சிலர் ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள்.

இதன் பலனை ஆவடி மார்க்கெட்டில் பார்க்கலாம். ஒரு கடையில் பரோட்டா மாவை வீசுகிறார்கள், சால்னா கொதிக்கிறது. அடுத்த கடையில் சப்பாத்தி சுட்டுப் பருப்பு தாளிக்கிறார்கள். மலையாளக் குடும்பங்கள் இங்கே நிறைய. ஆகவே புட்டும் கடலைக்கறியும் நேந்திரம்பழ பஜ்ஜியும் கிடைக்கும். சென்னையின் பெரிய ஓட்டல்களில் பஞ்சாப், கேரளம், செட்டிநாடு என்று மூன்று மெனு அட்டை போட்டுச் செய்வதை ஆவடி விளம்பரம் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. ஒரு குறையும் சொல்ல வேண்டும். கடைகளில் கோழியைச் சிவப்புச் சாயத்தில் குளிப்பாட்டி எடுக்கும் பழக்கம் போகவில்லை. மவுண்ட் ரோடு பக்கம் பிறந்த சிக்கன் 65-க்கு 1965-ஆம் வருஷத்து வரலாறு உண்டு என்பார்கள். இந்தச் சாயத்துக்கு அப்படி ஒரு பெருமையும் இல்லை. ‘கலர் போடாம குடுங்கண்ணா’ என்று கேளுங்கள். மசாலா தடவும் முன்பே கேட்டால் தருவார்கள்.

நீங்கள் போகிற சாலைக்கு இணையாகவே ரயில் பாதையும் வருகிறது. 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இதே வழியில்தான். இன்றைக்குத் திருவள்ளூர் லோக்கலில் அந்தப் பாதையில் பயணம் செய்கிறவர்களின் மடியில் தூக்குவாளியும் டிபன் பாக்ஸும் இருக்கும்.

திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்த ஊர். மனத்துக்குள்ளேயே சாப்பிட்டு முடிக்க நமக்கு வராது. எனவே மேலே போவோம். கோடையாக இருந்தால் இந்தப் பகுதியில் சாலையோரம் நுங்கு விற்பார்கள், பொங்கலை ஒட்டி வந்தால் பனங்கிழங்கு. வண்டியை நிறுத்த அது போதுமான காரணம்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் ஒரு சாப்பாட்டுக் கதை. சாலிஹோத்திர முனிவர் ஒரு வருடம் விரதமிருந்து, பிறகு அரிசி மாவைப் பெருமாளுக்குப் படைத்துவிட்டு, அதிதிக்காகக் காத்திருந்தார். ஒரு முதியவர் வந்தார். தன் பங்கைச் சாப்பிட்டார், பசி தீரவில்லை என்று முனிவரின் பங்கையும் சாப்பிட்டார். முனிவர் மறுபடி பட்டினி. உண்ட களைப்புத் தீரப் படுக்க இடம் கேட்டார் முதியவர். முனிவர் தன் குடிசையைக் காட்ட, அங்கே பெருமாளாகப் பள்ளிகொண்டார். வருகிறவர் யாரென்று கேட்காமல் சோறு போட்ட ஊர் என்பதே இதன் பெருமை. அமாவாசையன்று வந்தால் ஊர் தாங்காத கூட்டம். குளத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போட்டு வேண்டிக்கொள்கிறார்கள். அன்றைக்குச் சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது. சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள்.

மத்தியானம் இங்கே இலைச் சாப்பாடு. ஆந்திர எல்லை அதிக தூரமில்லை, அது முதல் உருண்டையிலேயே தெரிந்துவிடும். சூடான சோற்றில் பருப்புப் பொடியும் நெய்யும், அடுத்து புளிச்சகீரை, நாக்கில் சுரீர் என்று ஏறுகிற மிளகாய்த் துவையல். தமிழ்ச் சாம்பாரும் ரசமும் பின்னால் வரும். பரிமாறுகிற அம்மா ஒரு வரியில் தெலுங்கும் அடுத்த வரியில் தமிழுமாகப் பேசுவார். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்க ராஜா’ என்பார். மறுக்காதீர்கள். அளவுச் சாப்பாட்டு டோக்கன் வாங்கியவரைக்கூட இந்த ஊர் அரைவயிற்றோடு அனுப்புவதில்லை.

சாயங்காலம் பூண்டி. கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே கட்டி 1944-ல் முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்குகிறது. ஏரிக்கரையில் மீன் வறுக்கிறார்கள். ஜிலேபி, கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். மசாலா தடவிய மீனை வரிசையாக வைத்திருப்பார்கள். நீங்கள் கையைக் காட்டினால் அது எண்ணெய்க்குள் போகும். ஏரி மீனில் முள் அதிகம், சேற்று வாடையும் லேசாக உண்டு. அதை மறைக்கத்தான் பூண்டும் மிளகாயும் அத்தனை. கடல் மீனே மீன் என்கிற கட்சிக்காரர்கள் இங்கே வந்து சண்டை போட வேண்டாம், கெண்டையின் வயிற்றுத் துண்டை முள் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்.

பூண்டியில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. கற்கால ஆயுதங்களை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளில் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அசைவம் நேற்று வந்த பழக்கமில்லை என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருங்கள். திருவள்ளூரிலிருந்து திருமழிசை வரும் சாலை காலையில் காலியாக இருக்கும். திருமழிசை, ஆழ்வார் அவதரித்த தலம். 2020-ல் கொரோனா காலத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை சில மாதம் இங்கே குடியேறியிருந்தது. திருமழிசையைத் தாண்டினால் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர், ஆற்காட்டு நவாபுகளின் கீழ் இருந்த ஊர், வெள்ளைக்காரன் ராணுவத்தை நிறுத்தியிருந்த ஊர். வரதராஜப் பெருமாள் கோயில் புளியோதரையும் பாய் கடை பாயாவும் கூப்பிடு தூரத்தில்.

பாயா காலை உணவு. ஆட்டுக்கால் இரவெல்லாம் சிறுதீயில் வெந்து, விடியும்போது விரலில் ஒட்டுகிற பதத்துக்கு வந்திருக்கும். ஆப்பமோ இடியாப்பமோ துணை. எட்டரைக்கு மேல் போனால் எலும்புதான் மிஞ்சும்.

பிறகு பதினொன்றரை வரை காத்திருங்கள். அப்போதுதான் தம் உடைப்பார்கள். தேக்சாவின் மூடிமேல் கிடக்கும் தணலைத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்ததும் எழுகிற ஆவிக்காகவே ஒரு கூட்டம் நிற்கும். ஆம்பூரில் சீரகச் சம்பா, கத்தரிக்காய் என்று ஒரு முறை. இங்கே பெரும்பாலும் பாஸ்மதி, கல்யாண வீட்டுக் கணக்கு: தால்ச்சா, தயிர் வெங்காயம், கடைசியில் ஒரு கரண்டி பிரெட் அல்வா. எது உசத்தி என்று என்னைக் கேட்டால், அரிசியில் ஆம்பூர், கறி வெந்திருக்கிற பக்குவத்தில் பூந்தமல்லி. பக்கெட்டில் அடைத்து விற்பதை மட்டும் வாங்காதீர்கள். மூடிய பக்கெட்டில் பிரியாணி வியர்த்துக் குழைந்துவிடும்.

புறப்படும் முன் ஒரு வேண்டுகோள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. ஆனாலும் கொதிக்கிற சாம்பாரும் சால்னாவும் இன்னும் பல இடங்களில் பைக்குள்தான் போகின்றன. வீட்டிலிருந்து இரண்டு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். சில்லறையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் நீட்டுகிறவருக்குக் கடைக்காரர் எப்போதும் ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்.