மேற்செலவை அளந்து சொல்லுங்கள்



பல கணினிகளில் பரவி நிற்கும் கேஷ்களின் நினைவகச் செலவைப் பேச உத்திரமேரூரில் கூடியிருப்பது பொருத்தமே. இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு குடவோலை முறையைப் படிப்படியாக விளக்குகிறது. குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுகள் 30. ஒவ்வொரு குடும்பின் பெயரோலைகளையும் தனிக்கட்டாக்கி, இன்ன குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றைப் பூட்டிக் குடத்தில் இட்டார்கள். பெயரோலை தரவு என்றால் வாயோலையும் கட்டும் மேற்செலவு. பெயருக்கொரு வாயோலை வைத்திருந்தால் குடம் கொண்டிருக்காது.

2011இல் இன்ஸ்டாகிராம் பொறியாளர்களும் அப்படிக் கட்டுக்கட்டாகவே சேமித்தார்கள். சுமார் 30 கோடிப் படங்களில் எது யாருடையது என்பதை ரெடிஸ் என்னும் நினைவகத் தரவுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டியிருந்தது. படத்துக்கொரு கீ வைத்தபோது 10 லட்சம் பதிவுகள் 70 எம்பி பிடித்தன. மொத்தத்துக்கு 21 ஜிபி. ஆயிரமாயிரமாக ஒரே ஹாஷில் கட்டியதும் அந்த 70 எம்பி 16 ஆயிற்று. மொத்தம் 5 ஜிபிக்குள் அடங்கியது. ஆனால் கட்டுக்குள் தேடுவதற்கு நேரம் பிடிக்கும். கட்டு ஆயிரத்துக்கு மேல் பெருத்தால் செயலியின் வேலை கூடுவதை அவர்களே எழுதினார்கள். மிச்சத்தோடு விலையையும் சொன்னதால்தான் அந்த அளவீட்டை மதிக்கிறேன்.

நம் கட்டுரைகளில் எனக்குக் கவலை தருவது, ஒரே அளவில் சோதித்து முடிவுகட்டும் பழக்கம். கிளஸ்டரில் சேராமல் தனியாக ஓடும் ரெடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீ அட்டவணை இரண்டின் அடுக்குகளில் வளரும். 10,48,576 கீ நிறைந்தபின் இன்னும் ஒன்று வந்தால் இரு மடங்கு அட்டவணை வேண்டும். அதற்கு மட்டும் 16 எம்பி. மாற்றம் முடியும்வரை பழைய 8 எம்பியும் உடனிருக்கும். 10 லட்சத்தில் சோதனையை நிறுத்தியவர் கண்ணில் இது படவே படாது. பதிவுகளை அழித்தாலும் அந்த இடம் முழுவதும் உடனே இயங்குதளத்துக்குத் திரும்பாது. ஆகவே ரெடிஸ் சொல்லும் கணக்கையும் இயங்குதளம் காட்டும் கணக்கையும் சேர்த்தே தர வேண்டும்.

இன்ஃபினிஸ்பான் போன்ற ஜாவா கேஷ்களில், குப்பைச் சேகரிப்பு முடியுமுன் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஹீப் 32 ஜிபியை எட்டிவிட்டால் 4 பைட் சுட்டிகள் 8 பைட்டாகிவிடும்; மேம்படுத்திச் சேமித்ததில் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோகலாம். பதிவுக்கு இரண்டு பிரதி வைத்தால் மேற்செலவும் இரண்டு மடங்கு. இதை விட்டுவிட்டு ஒரு கணினியின் கணக்கை மட்டும் காட்டுவது பரவல் கேஷின் அளவீடு ஆகாது.

கட்டுரை வாசிப்போரிடம் கேட்டுக்கொள்கிறேன்: வெறும் சேவையகம் பிடிக்கும் நினைவகம் எவ்வளவு, எத்தனை பதிவுகளுக்கு எவ்வளவு கூடியது, அதில் உங்கள் தரவு எத்தனை பைட், எத்தனை பிரதி என்பவற்றை முதலில் சொல்லுங்கள். வேகத்தில் எதை இழந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.